மாகாளிக்கிழங்கு திசு வளர்ப்புக் கன்று: வாங்கலாமா?

#1 தளிச்சாலை

அனைவருக்கும் வணக்கம். வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அப்பா விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் சரளைப் பூமி இருக்கிறது. ராகி போட்டால் யானைக்குத்தான் விருந்து.

போன மாதம் ஒரு கண்காட்சியில் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையில் திணித்தார்கள். "அழிந்துவரும் மூலிகையைக் காப்போம். திசு வளர்ப்பு மாகாளிக் கன்றுகள். விளைந்த கிழங்கை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்." மோரில் ஊறுகாய் போடும் மாகாளிக்கிழங்குதான்; செடித் துண்டை ஆய்வுக்கூடக் குப்பியில் வளர்த்து எடுத்த கன்றாம். மறுநாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. கன்றின் விலை சொன்னார்கள். அந்த விலைக்கு நல்ல மாங்கன்றே வாங்கிவிடலாம்.

கேள்வி இரண்டு. இதில் காசு பார்க்க முடியுமா? இதை நட்டால் காட்டிலிருக்கும் மாகாளிக்கு உண்மையிலேயே ஏதாவது நன்மை உண்டா, அல்லது அது வெறும் விற்பனைப் பேச்சா? இரண்டாவது கேள்விதான் எனக்குக் கொஞ்சம் முக்கியம்.

#2 ஜெயநகர் மாமி

காசு பார்க்க முடியுமா என்று காந்தி பஜாரில் வந்து கேட்டுப் பாருங்கள் தம்பி. முன்பெல்லாம் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் உள்ள கிழங்கைத்தான் தொடுவேன். இப்போது சுண்டுவிரல் அளவில் கொட்டி வைத்துக்கொண்டு அதற்கும் பேரம் பேசவிட மாட்டேன் என்கிறார்கள். தோலைச் சீவி, நடுவில் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டால் மோரில் போட மிஞ்சுவது பாதிகூட இல்லை. மூட்டைப்பூச்சி வாசனை என்று என் மருமகள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள், அது வேறு கதை.

கடையில் வாங்கும் கிழங்கிலேயே ஒன்றைத் தொட்டியில் புதைத்தால் முளைக்காதா? திசு, குப்பி என்று எதற்கு இவ்வளவு பாடு?

#3 மூலனூரான்

அண்ணா, திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று எவன் சொன்னாலும் எந்த விலைக்கு, எந்த வருடம், எந்த ஊரில் வைத்து எடை போடுவாய் என்று முதலில் கேளுங்கள். எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டவர்கள் கதை தெரியும்தானே. விதைக்கு விலை ஏறும்போது விதைக்கிழங்கு விலை வானத்துக்குப் போகும். காய் பறிக்கும் நேரத்தில் விதை விலை பாதாளத்துக்குப் போகும். முதலீட்டில் பெரும்பகுதி விதைக்கிழங்குக்கே போய்விடுவதால் நடுவில் விட்டுவிட்டும் வர முடியாது. காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்து வளர்த்த பயிர் அது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கோல்சிசின் என்ற மருந்துப்பொருளை எடுக்கக் கம்பெனிக்காரர்களுக்கு வேண்டிய விதையை நாங்கள் வயலில் விளைவித்துக் கொடுக்கிறோம். எந்தக் குப்பியும் வரவில்லை, பந்தலும் கிழங்கும் மட்டும்தான்.

#4 கண்ணாடிக்குப்பி

நான் பெங்களூருக்கு வடக்கே ஒரு வணிகத் திசு வளர்ப்புக்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்களுடையது பெரும்பாலும் வாழை. இடையிடையே மூலிகை ஆர்டர்கள் வரும், மாகாளியும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாமி, கடைக்கு வரும் கிழங்கு உண்மையில் வேர். மொட்டு இருக்கும் கழுத்துப் பகுதியைத் தோண்டுகிறவர்களே வெட்டி எறிந்துவிடுவார்கள். முளைக்கும் என்று நம்பித் தொட்டியை அடைத்து வைக்காதீர்கள். அந்தச் செடியின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: நாம் தின்பது வேர், வேரைத் தோண்டினால் கொடி போயிற்று. விதையின் முளைப்புத் திறனும் குறைவு. அதனால்தான் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் கணுத்துண்டுகளிலிருந்து கன்று எடுக்கும் முறையை உருவாக்கினார்கள்.

முறை என்ன என்று தெரிந்துகொண்டால் விலை ஏன் அப்படி என்பதும் புரியும். தாய்க்கொடியிலிருந்து ஒரு கணு உள்ள இளந்தண்டை வெட்டி, ஓடும் நீரில் கழுவி, கிருமி நீக்கி, வடிகட்டிய காற்று வீசும் மேசையில் வைத்து முனைகளை நறுக்குவோம். கத்தி பட்டதும் வெள்ளைப் பால் கசியும். அதைத் துடைக்காமல் குப்பியில் குத்தினால் வெட்டுவாய் பழுப்பாகி, அந்தப் பழுப்பு, துண்டுக்கு ஊட்டம் தரும் கூழான ஊடகத்திலும் வளையமாகப் பரவும். துண்டு தன் கசிவாலேயே கருகும். அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தோ, ஊடகத்தில் கரித்தூள் சேர்த்தோ சமாளிக்கிறோம். அதற்குத் தப்பினால் நான்காம் நாள் ஐந்தாம் நாள் வாக்கில் பூஞ்சை. குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தண்டின் அடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், புகை படிந்ததுபோல் ஒரு மூட்டம். காட்டிலிருந்து நேரே வந்த தண்டு என்றால் பாதிக் குப்பிகளைக் கொட்டுவோம்.

ஊடகம் என்பது 1962இல் முராஷிகியும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவை; இன்றும் பெரும்பாலான கூடங்களில் அதுதான். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கெட்டிப்பட அகார், கார அமில நிலை 5.8, பிறகு 121 டிகிரியில் அவித்து எடுப்போம். அதில் சேர்க்கும் செடி ஹார்மோன்களில் சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிர், ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர். 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் சொன்னது அது. தளிர் வருவது பெரிய வித்தை இல்லை. மாகாளி வேர்விடத்தான் அடம்பிடிக்கும். மைசூருக்காரர்கள் அதற்கு ஃபுளோரோகுளுசினால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

பெருக்கத்தைப் பொறுத்தவரை விளம்பரம் சொல்வது பொய்யில்லை. ஒரு துண்டு மாதத்துக்கு மூன்றானால் ஆறாம் மாதம் 729. கணக்கு அழகாக இருக்கிறது. அடி விழுவது குப்பியை விட்டு வெளியே வரும்போது. உள்ளே ஈரம் நிறைந்த காற்றில் வளர்ந்த இலைமேல் மெழுகுப் படலம் சரியாக உருவாகியிருக்காது, இலைத்துளைகளுக்கு மூடத் தெரியாது. வேரில் ஒட்டிய அகாரை வெதுவெதுப்பான நீரில் அலசி, பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, தென்னைநார்த் தூளில் நட்டு, பாலித்தீன் கூடாரத்துக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். அவசரப்பட்டால் காலையில் நிமிர்ந்து நின்ற தட்டு மாலையில் படுத்துவிடும். பெங்களூரு என்பதால் பிழைக்கிறோம். அப்படியிருந்தும் மார்ச் மாத வறண்ட காற்றில் ஒரு தட்டைக்கூட நான் வெளியே எடுப்பதில்லை.

தளிச்சாலை அவர்களே, கன்று விற்பவரிடம் எத்தனை குப்பி வைத்திருக்கிறார் என்று கேட்காதீர்கள். வெளிக்காற்றுக்குப் பழக்கும் இரண்டாம் கட்டமும் முடித்து, நிழல்வலைக்குக் கீழே பையில் நிற்கும் கன்று எத்தனை என்று நேரில் போய்ப் பாருங்கள்.

#5 வித்யாரண்யபுரத்தான்

இடையில் ஒரு சின்னக் கேள்வி. வீட்டிலேயே செய்ய முடியாதா? பிரஷர் குக்கர் இருக்கிறது. காற்று வடிகட்டிப் பெட்டியைக் கண்ணாடி மீன்தொட்டியைக் கவிழ்த்துச் செய்துகொள்ளலாம் என்று காணொளி ஒன்றில் காட்டினார்கள்.

#6 கண்ணாடிக்குப்பி

பழகிப் பார்க்கச் செய்யலாம். குக்கரில் ஆவியழுத்தம் ஏறிய பிறகு 20 நிமிடம் விட்டால் ஊடகம் கிருமியற்றுப் போகும். தண்ணீர்தான் முதல் தகராறு: நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு ஊடகத்தின் கணக்கையே குலைத்துவிடும், காய்ச்சி வடித்த நீர் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று. பழைய கையேடுகளில் கிருமிநீக்கத்துக்கு மெர்குரிக் குளோரைடு என்று போட்டிருக்கும். அது பாதரச நஞ்சு; வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது. துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் போதும்.

மாகாளியில் தொடங்காதீர்கள், மனம் உடைந்துவிடும். வல்லாரை வைத்துப் பழகுங்கள், மன்னிக்கிற செடி அது.

#7 இலைமறை

தாவரவியல் படித்தவன், காட்டு மூலிகைகளில் ஆராய்ச்சி. தளிச்சாலையின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அதற்கு வருகிறேன்.

729 கன்று என்றார் சகோதரி. ஒரே தாயிலிருந்து வந்தால் அந்த 729உம் மரபளவில் ஒரே செடிதான். வாழைக்கு அது வரம். தோப்பு முழுக்க ஒரே நாளில் தார் வெட்ட வேண்டும். காட்டில் கொண்டுபோய் நடுவதற்கு அதுவே கேடு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனமாக இருந்தால் மலை முழுக்கப் பூத்தாலும் காய் பிடிக்காது, ஏனென்றால் அங்கே இருப்பது ஒரு செடி, ஆயிரம் இடத்தில். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம். ஆகவே "காட்டைக் காப்பாற்றுகிறோம்" என்று எந்தக் கூடம் சொன்னாலும் எத்தனை தாய்ச்செடிகளிலிருந்து, எந்தெந்த மலைகளிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் பெரும்பாலும் மௌனம்தான். வணிகக் கூடத்துக்கு ஒரு நல்ல தாயும் ஒரு நல்ல செய்முறையும் போதும். நூறு தாய் என்றால் நூறு தனித்தனித் தகராறு. நான் குறை சொல்லவில்லை, தொழில் அப்படி.

சரியாகச் செய்யவும் முடியும். மாகாளிக்கு நெருங்கிய உறவு ஒன்று அகத்தியமலையில் இருக்கிறது, அமிர்தபாலா என்பார்கள்; உலகத்திலேயே அந்தப் பக்கத்து மலைகளில் மட்டும் வளர்வது, அங்குள்ள காணிப் பழங்குடியினர் மருந்தாகப் பயன்படுத்துவது. பாலோட்டில் இருக்கும் கேரளத் தாவரவியல் தோட்டத்துக்காரர்கள் அதைத் திசு வளர்ப்பில் எடுத்து, பழக்கி, திரும்பவும் அதன் காட்டிலேயே நட்டார்கள். அதில் வணிகக் கணக்கே இல்லை, அரசுப் பணம்.

அதே நிறுவனம் கையில் எடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. 1987இல் ஆய்வுக்குழுவுடன் மலையேறிய காணிகள் களைப்புத் தெரியாமல் இருக்க மென்ற பழத்திலிருந்து தொடங்கியது. அதை வைத்து ஜீவனி என்ற மருந்து செய்து, உரிமத்தைக் கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுத்து, அதில் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்குத் தந்தார்கள். உலகமே மேற்கோள் காட்டிய ஏற்பாடு. எங்கே மாட்டிக்கொண்டது தெரியுமா? இலையில். காட்டிலிருந்து எடுக்க வனத்துறை தடை போட்டது, காட்டுக்கு வெளியே வளர்த்தால் அதே குணம் வருமா என்ற ஐயம் தீரவில்லை. மருந்து இருந்தது, சந்தை இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, செடி போதவில்லை.

#8 ஹலசூரு வைத்தியர்

"அதே குணம் வருமா" என்ற இடத்தில்தான் எனக்கும் பேச்சு உண்டு. சித்த மருத்துவம் பயின்றவன், ஹலசூரில் சிறு மருத்துவமனை வைத்திருக்கிறேன்.

நன்னாரி கேட்டு எழுதினால் மூலிகைக் கடையில் மாகாளி வேரைக் கட்டிக் கொடுக்கிறார்கள். வாசனை கிட்டத்தட்ட ஒன்று, மாகாளி தடிமனானது, எடைக்கு லாபம். ஊறுகாய்க்காரர்கள் மட்டும் இந்தக் கொடியை அழிக்கவில்லை, எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. அசோகப் பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டையை விற்கிற சந்தை இது.

என் கேள்வி இதுதான்: சர்க்கரையும் ஹார்மோனும் கொடுத்து வளர்த்த கன்று பிறகு மண்ணில் எத்தனை வருடம் நின்றால் மருந்துக்கு ஆகும்? வாசனை மட்டும் குணம் ஆகாது என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

#9 எல்லாம்_வியாபாரம்

மன்னிக்கவும், நீங்கள் எல்லோரும் 50 வருடம் பின்னால் இருக்கிறீர்கள். செடி எதற்கு? மருந்துப் பொருள் வேண்டுமென்றால் செல்லை மட்டும் தொட்டியில் வளர்த்து எடுத்துவிடலாமே. காடும் வேண்டாம், தேன்கனிக்கோட்டையும் வேண்டாம். பாட்டி வைத்தியம், பழங்கதை என்று பேசிக்கொண்டே இருந்தால் செடி அழிந்துதான் போகும்.

#10 ஹலசூரு வைத்தியர்

"பாட்டி வைத்தியம்" என்று எழுதியவர் ரத்த அழுத்தத்துக்கான ரெசர்பின் 1952இல் எந்த வேரிலிருந்து பிரிக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு வரட்டும். சர்ப்பகந்தி. அந்த வேரைத் தோண்டித் தோண்டியே இன்று அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அழித்தது பாட்டி அல்ல.

#11 நெறியாளர்

இருவரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டுச் செடிக்கு வரவும்.

#12 இலைமறை

வியாபாரம் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. ஜப்பானில் 1980களிலேயே ஷிகோனின் என்ற செந்நிறப் பொருளைச் செல் வளர்ப்பில் தொழிற்சாலை அளவில் எடுத்தார்கள். புற்றுநோய் மருந்தான பக்ளிடாக்சலும் இன்று தொட்டியில் வளரும் ஊசியிலை மரச் செல்களிலிருந்து வருகிறது. பட்டைக்காக மரத்தைச் சாய்ப்பது அப்படித்தான் குறைந்தது.

ஆனால் அவை விலை மிகுந்த ஒற்றை மூலக்கூறுகள். தொட்டி, கிருமியற்ற காற்று, மின்சாரம், ஆட்கள் என்ற செலவெல்லாம் அந்த விலையில் அடங்கும். ஊறுகாய்க்கும் கஷாயத்துக்கும் வேண்டியது முழு வேர். மாகாளி வாசனைப் பொருளின் மூலக்கூறு வெனிலா வாசனை தரும் வெனிலினின் உடன்பிறப்பு. அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. அதைச் செல் வளர்ப்பில் எடுக்கலாம்தான். யார் வாங்குவார்கள்?

வைத்தியரின் கேள்விக்கு ஒரு பக்கப் பார்வை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நோதபோடைட்டஸ் என்றொரு சிறுமரம், கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் மருந்துப் பொருளுக்காக வேரோடு வெட்டப்படுவது. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சையும் அதே பொருளைச் செய்கிறது என்று 2005இல் வெளியானது. ஆகக் "குணம்" என்பது செடியின் தனிச்சொத்தாக இல்லாமல் உள்ளே இருக்கும் குடித்தனக்காரர்களுடையதாகவும் இருக்கக்கூடும். திசு வளர்ப்பில் நாம் முதலில் செய்வதே அவர்களைக் காலி செய்வதுதான். மண்ணில் நட்ட பிறகு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக அளந்து பார்த்தால்தான் உண்டு.

#13 கண்ணாடிக்குப்பி

அளப்பது பற்றி. எங்களிடம் வாழைக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை இருக்கிறது, 2006இலிருந்து. வைரஸ் சோதனை, தாயும் கன்றும் ஒன்றா என்ற மரபுச் சோதனை எல்லாம் முடிந்து லேபிள் ஒட்டித்தான் அனுப்புவோம். எட்டுச் சுற்றுக்கு மேல் ஒரே வாழைத் திசுவைப் பெருக்க மாட்டோம், அதற்கு மேல் போனால் உருமாறிய கன்றுகள் தலைகாட்டும். மூலிகை ஆர்டரில் இந்தக் கண்டிப்பை வாடிக்கையாளர் கேட்டால்தான் செய்வார்கள், கேட்பவர் குறைவு.

அதனால் தளிச்சாலை அவர்களே, கேளுங்கள்: கணுவிலிருந்து நேரே எடுத்த தளிரா, அல்லது கட்டித் திசு, அதாவது தண்டு இலை என்று உருவம் பிரியாத செல் திரள், வழியாக வந்ததா? கட்டித் திசு வழி என்றால் மாறுதல் வர வாய்ப்பு அதிகம். பிறகு, எத்தனையாவது சுற்று? அதன் பிறகு ஒன்றே ஒன்று: இதே முறையில் நட்டு விளைந்த ஒரு தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒரு கொடியை உங்கள் கண்முன் தோண்டட்டும். வேரை ஒடித்து முகர்ந்து பாருங்கள். வாசனை ஒடித்த இடத்திலிருந்து சுள்ளென்று ஏற வேண்டும். நார் நாராகப் பத்து வேர் ஓடியிருந்து, தடித்தது ஒன்றுகூட இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

#14 ஜெயநகர் மாமி

முகர்ந்து பார்க்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம்.

#15 மூலனூரான்

தோட்டத்தைக் காட்டு என்றால் "இன்னும் அறுவடைக்கு வரவில்லை" என்பான், பாருங்கள். வந்திராத அறுவடையைத்தான் திரும்ப வாங்குவதாக விற்கிறான்.

அண்ணா, ஒப்பந்தத்தில் நான் பார்ப்பது இரண்டு வரிதான். கன்று செத்தால் மாற்றுக் கன்று எந்த மாதம் வரை? வாங்க மறுத்தால் என்ன தண்டம்? இந்த இரண்டும் எழுத்தில் இல்லையென்றால் அவன் கன்று வியாபாரி, கிழங்கு வியாபாரி இல்லை. கிழங்கு வேரூன்றிப் பருக்கச் சில வருடம் ஆகும். அதுவரை அந்தக் கம்பெனி இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.

#16 தளிச்சாலை

எல்லோருக்கும் நன்றி. நேற்று கன்றுக்காரருக்குப் பேசினேன். தாய்ச்செடி எத்தனை என்றதற்கு "உயர்தரத் தாய்" என்றார். எத்தனை என்று மறுபடி கேட்டேன். ஒன்று. விளைந்த தோட்டம் என்றதற்கு மூலனூரான் சொன்ன அதே வாக்கியம், ஒரு சொல் பிசகாமல் வந்தது.

அப்படியானால் நான் என்ன செய்யலாம்? ஆசை விடவில்லை.

#17 இலைமறை

ஒரு தாயின் கன்று என்பதற்காக உங்கள் நிலத்துக்கு அது தீட்டு இல்லை. விற்பனைக்கு விளைவிக்கும் பயிருக்கு அது போதும். வயலில் விளையும் ஒவ்வொரு கிலோவும் காட்டில் தோண்டாத ஒரு கிலோ ஆகலாம், சந்தை ஏற்றுக்கொண்டால். காட்டுக்கு அவர்கள் சொல்லும் நன்மை அதற்கு மேல் இல்லை. அதைக் காட்டுக்குள் கொண்டுபோய் மட்டும் நடாதீர்கள்.

காட்டுக்கொடிக்கு நன்மை வேண்டுமென்றால் அது வேறு வேலை, அது நடந்துகொண்டும் இருக்கிறது. 1993இலிருந்து தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றிலும் வனத்துறைகளோடு சேர்ந்து மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகளை ஒதுக்கினார்கள். பின்னால் நின்றது நம் எலகங்காவில் இருக்கும் மூலிகை ஆராய்ச்சி அறக்கட்டளை. உங்கள் வீட்டிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் போய்விடக்கூடிய சாவனதுர்காவும் அதில் ஒன்று. அங்கே செடியை எடுக்காமல் விட்டு வைப்பதுதான் முறை. குப்பி அதற்குத் துணை, விதை கிடைக்காத இனத்துக்கு. மாகாளிக்கு முதலில் விதையை முயல்வேன்.

#18 கண்ணாடிக்குப்பி

விதைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கிடைக்க வேண்டுமே. கிடைத்தால் நாட்படாத விதையாக வாங்கி உடனே விதையுங்கள். ஒவ்வொரு நாற்றும் வேறு வேறு செடி, மரபுக் கவலை தீர்ந்தது. இரண்டையும் கலந்து கொஞ்சமாக வைத்துப் பாருங்கள்: வேலியோரம் ஒரு வரிசை குப்பிக் கன்று, ஒரு வரிசை விதைக் கன்று. வேர் பருக்கும்போது எது எப்படி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒன்றரை ஏக்கரையும் அடைக்காதீர்கள். ஜூன் மழை பிடித்த பிறகு நடுங்கள், ஏறிப்போக ஏதாவது புதர் அல்லது கல் இருக்கட்டும்; பாறைச் சரிவில் வளர்ந்த சாதி அது, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

#19 தளிச்சாலை

யானை தின்னுமா?

#20 மூலனூரான்

அதை யானையிடம்தான் கேட்க வேண்டும் அண்ணா. கிழங்கென்றால் பன்றி தோண்டுமே, அதைப் பற்றி யோசித்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வரை ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு உங்கள் பூமிக்கு வருகிறேன். ஒரு முழம் தோண்டி அடியில் சரளையா சுக்கான் பாறையா என்று பார்த்துவிடுவோம். கடப்பாரை இருந்தால் எடுத்து வையுங்கள்.